துளசிராம் என்கிற கொண்டா

1

“இந்தப் பெயரில் இங்கே எவரும் இல்லை. அனுப்பியவருக்கே திருப்பவும்.”

ஒரு பழுப்பு உறையின் மூலையில் நீல மையில் ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்ததைத் தமிழில் இப்படித்தான் சொல்ல வேண்டும். அந்த உறை மதுரை நீதிமன்றத்திலிருந்து ஆக்லாந்துக்கு வந்து, யாரும் பிரிக்காமல் மதுரைக்கே திரும்பிப் போனது. அதன் ஜெராக்ஸ் நகல் இன்னோர் உறைக்குள் மடிந்து, 2003 ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை, என் வீட்டுத் தபால் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. அன்றைய நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: “ஊரில் ஆடி முடிந்திருக்கும். இங்கே குளிர் விடவில்லை. பத்மாவின் கடிதம். பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.”

கூட வந்த கடிதம் கணினியில் அச்சடித்தது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

“செல்வராஜ் அண்ணனுக்கு, தெப்பக்குளம் பத்மா எழுதுவது. உங்கள் கூட்டாளி துளசிராமின் மனைவி என்றால் ஞாபகம் வரும். கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறினீர்கள். அவர் 98இல் நியூசிலாந்து போனார். ஆறு மாதத்தில் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். மறு வருஷத்தோடு கடிதம் நின்றுவிட்டது. பாப்பா கீர்த்தனாவுக்கு எட்டு வயது நடக்கிறது. அவளுக்காக ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். அவருக்கு அனுப்பிய நோட்டீஸ் இரண்டு தடவை திரும்பிவிட்டது. முதல் தடவை பழைய வீட்டு விலாசம். இரண்டாம் தடவை அவர் வேலை பார்க்கும் குளிர்பதனக் கிட்டங்கி என்று ஒருவர் சொல்லி அங்கே அனுப்பினோம். அங்கேயும் ஆள் இல்லை என்கிறார்கள். மூன்றாம் தடவையும் திரும்பினால் மனுவை முடித்துவைக்க வேண்டிவரும் என்று வக்கீல் சொல்கிறார். நாகமலைக்கு பஸ் ஏறிப் போய் உங்கள் அம்மாவிடம் இந்த விலாசத்தை வாங்கினேன். பணத்தை வாங்கித் தரச் சொல்லவில்லை அண்ணே. நோட்டீஸ் அவர் கைக்குப் போய்ச் சேர ஒரு வழி சொன்னால் போதும்.”

துளசிராம் இந்த நாட்டில் இருக்கிறான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நான் 96இல் வந்தவன். முதல் ஆறு வருஷம் தெற்கே ஒரு சிறிய ஊரில் பால்பவுடர் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் இருந்துவிட்டு, அதே கம்பெனியின் ஆக்லாந்து கூடத்துக்கு மாற்றலாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பத்மா குறிப்பிட்ட குளிர்பதனக் கிட்டங்கியை நான் தினமும் காரில் தாண்டிப் போகிறேன்.

மறுநாள் அங்கே போன் செய்தேன். “துளசிராம் சுந்தரம் இருக்கிறாரா?” பேசிய பெண் பெயரை எழுத்துக் கூட்டச் சொன்னாள். கூட்டினேன். அப்படி யாரும் இல்லை என்றாள். குரலில் பொய் இல்லை.

2

பெயர் விஷயத்தில் எனக்கே ஒரு கதை இருப்பதால் அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

இந்த நாட்டில் என் பெயர் சோலைமலை. அது என் அப்பாவின் பெயர். ஊரில் நான் எஸ். செல்வராஜ். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்றொரு கட்டம் இருந்தது. எங்கள் குடும்பத்துக்குப் பெயர் ஏது? ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் இருந்த ஏஜென்ட், பேனாவைக் காதில் செருகியபடியே தீர்ப்புச் சொன்னார். “இனிஷியல விரிச்சு எழுதுங்கண்ணே, அம்புட்டுத்தான்.” விரித்து எழுதினேன். ஒற்றை எழுத்தாக எனக்கு முன்னால் நின்ற அப்பா, முழு ஆளாகப் பின்னால் வந்து நின்றுகொண்டார். பிறர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட மனிதர். அவர் உயிரோடிருந்தவரை யாரும் அவரை ‘மிஸ்டர்’ போட்டுக் கூப்பிட்டதில்லை. இங்கே வங்கியிலும் பல் டாக்டரிடமும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் எழுந்து போகிறேன். ஆலையில் அதையும் சுருக்கி ‘சாலி’ என்று ஆக்கிவிட்டார்கள்.

பத்மாவின் கடிதம் வந்த அதே வாரம், மகள் யாழினிக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். அலுவலகத்தில் இருந்த அம்மையார் திரையைப் பார்த்தார், என் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பிள்ளையின் குடும்பப் பெயர் செல்வராஜ். அம்மாவுடையது வேலுச்சாமி. என்னுடையது சோலைமலை. “தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் சொந்த அப்பாவா, அல்லது அம்மாவின்…” என்று நிறுத்தினார். எனக்கு வந்த கோபத்தில் ஆங்கிலம் போய்விட்டது. “நானேதான் அவளுடைய செல்வராஜ்” என்ற மாதிரி ஏதோ சொன்னேன். அது குழப்பத்தை இன்னும் கூட்டியது.

காரில் வரும்போது, பின் சீட்டில் படுத்திருந்த யாழினி சொன்னாள்: “என் பேருக்குப் பின்னாடி அப்பா பேரு. அப்பா பேருக்குப் பின்னாடி தாத்தா பேரு. அப்பாக்குன்னு எதுவுமே இல்ல, பாவம்.”

அவளுக்கு ஆறு வயது. தமிழ் புரியும், பேசுவாள். ஆனால் வீட்டில் கேட்கிற சொற்களைத் தன் இஷ்டத்துக்கு அர்த்தப்படுத்திக்கொள்வாள். ஒரு வாரமாக நானும் என் மனைவி தமிழரசியும் பத்மாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் யாழினி கேட்டாள்: “ஜீவனாம்சம் யாருப்பா?”

“யாருன்னா?”

“அம்மா சொன்னாங்களே, ஜீவனாம்சம் அஞ்சு வருசமா வரலன்னு. அவரு எப்ப வருவாரு?”

தமிழரசி சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வருந்தியவள் போல எழுந்து தட்டுகளை எடுத்தாள். அது ஓர் ஆள் இல்லை, பிள்ளையை வளர்க்க அப்பா கொடுக்க வேண்டியது என்று நான் விளக்கினேன். யாழினி யோசித்தாள். “அப்போ அப்பா வராட்டி, அவருக்குப் பதிலா வர்றவரா?” என்றாள். சட்டத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவரை நான் படித்ததில்லை.

சட்டத்தைப் படித்தேன்தான். நகர நூலகத்தில் இந்தியச் சட்டம் கிடைக்காது. பத்மாவின் வக்கீல் தந்த பக்கங்களை அவளே ஜெராக்ஸ் எடுத்துக் கடிதத்தோடு அனுப்பியிருந்தாள். குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 125. போதிய வசதி இருந்தும் மனைவியையோ பிள்ளையையோ பராமரிக்காமல் புறக்கணிப்பவனுக்கு மாதாமாதம் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். 2001இல் சட்டத்தைத் திருத்தும் வரை எவ்வளவு பெரிய சம்பளக்காரனாக இருந்தாலும் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் விதிக்க வழியில்லை. பத்மா திருத்தம் வந்த பிறகுதான் மனுப் போட்டிருக்கிறாள்.

இங்கே இந்தக் காரியத்தை வரித்துறை பார்த்துக்கொள்கிறது. பரிசோதனைக் கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவன் சம்பள நாளில் தேநீர் அறையில் புலம்புவான். அவனுடைய பிள்ளைக்கான பங்கு, சம்பளம் அவன் கையைத் தொடுமுன்பே பிள்ளையின் அம்மாவுக்குப் போய்விடுகிறது. இங்கே அப்பாவுக்குப் பெயர் தேவையில்லை, வரி எண் போதும். அந்த அலுவலகத்துக்கும் ஒரு போன் போட்டுப் பார்த்தேன். பிள்ளை எந்த நாட்டில் வசிக்கிறது என்று கேட்டார்கள். இந்தியா என்றேன். அப்படியானால் இந்தியாவில்தான் முயல வேண்டியிருக்கும் என்று பணிவாகச் சொன்னார்கள். வேறு வழி ஏதும் உண்டா என்று நான் மேற்கொண்டு துருவவில்லை.

ஆக, எல்லாம் அந்த நோட்டீஸில் வந்து நின்றது. அது ஒரு மனிதன் கைக்குப் போக வேண்டும். அந்த மனிதன் அந்தப் பெயரில் எங்கேயும் இல்லை.

3

துளசிராமும் நானும் 1988இல் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் படிக்கச் சேர்ந்தோம். நான் ஊரிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். அவன் விடுதியில் இருந்தான். தெப்பக்குளத்திலிருந்து தினமும் வந்துபோகக்கூடிய தூரம்தான். ஆனால் வீட்டில் பேசும் சௌராஷ்டிர பாஷையிலிருந்து மூன்று வருஷமாவது விடுதலை வேண்டும் என்பான். “வீட்டுக்குள்ள போனா குஜராத்து, வெளிய வந்தா மதுரை. வாசப்படி தாண்டும்போதெல்லாம் நாக்கு தடுக்குது மாப்ள.”

முதல் வருஷ முடிவில் அவன் அக்காவுக்குக் கல்யாணம். பத்திரிகையை விடுதியில் எல்லோருக்கும் கொடுத்தான். அதில் ‘கொண்டா சுந்தரம் அவர்களின் குமாரத்தி’ என்று அச்சாகியிருந்தது. ‘கொண்டா’ அவர்களுடைய வீட்டுப் பெயர். சௌராஷ்டிரர்களில் ஒவ்வொரு வம்சத்துக்கும் அப்படி ஒன்று உண்டு. பெண் எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அதைத் தாண்டி வெளியே அதற்கு வேலை இல்லை.

ஆனால் தமிழ்க் காதுக்கு அது வேறு சொல் அல்லவா? அன்று ராத்திரியிலிருந்து விடுதியில் அவன் நிம்மதி போயிற்று. “துளசி, டீ கொண்டா.” “துளசி, ரெக்கார்டு நோட்டக் கொண்டா.” மெஸ்ஸில் தட்டைத் தட்டி, “கொண்டா கொண்டா” என்று கோரஸ். அவனும் விட்டானில்லை. “டேய், எங்க வம்சமே வாங்குற வம்சம்டா. பேர்லயே இருக்குல்ல? கொண்டான்னுதான் சொல்லுவோம். இந்தான்னு சொல்ல மாட்டோம்” என்று சிரிப்பான். சிரித்தாலும் முகம் சுண்டியிருக்கும். அதன்பிறகு எங்கேயும் அந்தப் பெயரை அவன் எழுதவில்லை. எஸ். துளசிராம் என்பதோடு சரி.

அக்கா கல்யாணத்துக்கு நான் போனேன். தெப்பக்குளத்து வீட்டில் அவன் அம்மா கூடத்தில் இலை போட்டு, முள்முருங்கைக்கீரை வடையைச் சுடச்சுட என் இலையில் வைத்தார். அதற்கு முன்பு நகரத்தில் எந்த வீட்டிலும் நான் திண்ணையைத் தாண்டி உட்கார்ந்ததில்லை. யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. “மெலிஞ்சு கெடக்கியே தம்பி, துளசி மாதிரி வளர வேணாமா?” என்று மட்டும் கேட்டார். 94இல் துளசிராமின் கல்யாணத்தில் நான் பரிமாறியது அந்த வடையின் நன்றிக்குத்தான்.

இதைத் தமிழரசியிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: “அந்த அம்மா இப்ப இருக்காங்களா?”

“இல்ல. 97ல தவறிட்டாங்க.”

“இருந்திருந்தா பத்மாவுக்கு முன்னாடி அவங்கதான் கடுதாசி போட்டிருப்பாங்க.”

4

செப்டம்பர் 6, சனிக்கிழமை. யாழினிக்குத் தடுப்பூசி. எங்கள் பேட்டையிலுள்ள கிளினிக்கில் காத்திருந்தோம். யாழினி தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்து மூடி, வேறொன்றை எடுத்து, அதையும் மூடி வைத்தேன். அந்த மூன்று வாரமும் எதையும் முழுதாகப் படிக்க முடியவில்லை.

“கொண்டா!”

தலையைத் தூக்கினேன். ஒரு கணம் ஊரிலிருந்து யாரோ என்னிடம் எதையோ கேட்கிறார்கள் என்றே நினைத்தேன். கதவருகே நின்ற வெள்ளைக்கார நர்ஸ் கையிலிருந்த தாளைப் பார்த்து மறுபடி கூப்பிட்டாள்: “கொண்டா?”

மூலையில் அந்தக் கிட்டங்கியின் பெயர் பொறித்த தொப்பி போட்ட ஒருவன் எழுந்தான். இடுப்பில் இரண்டு வயசுப் பையன். உடம்பு பெருத்திருந்தது. ஆனால் எழும்போது வலது தோளை முதலில் தூக்குகிற அந்தப் பழக்கம் போகவில்லை.

பையனுக்கு ஊசி போட்டு அவன் வெளியே வரும்வரை, யாழினி கண்ணில் படும்படி நடைபாதையில் நின்றேன். பையன் அலறிக்கொண்டிருந்தான். அவன் என்னைப் பார்த்ததும் முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை நான் பார்த்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

“மாப்ள! டேய் செல்வம்! எம்புட்டு வருசமாச்சுடா!”

“துளசி.”

“இங்க எவன்டா துளசிங்கிறான்? டாம். டாம் கொண்டா.” சிரித்தான். “பாஸ்போர்ட்டுல வீட்டுப் பேரப் போட்டேன். இவனுகளுக்கு அதோட அர்த்தம் தெரியாதுல்ல. ஒருத்தன்கூட டீ கேட்க மாட்டான்.”

“இது யாரு?”

“எம் பையன். இவன் அம்மாவும் நானும் இப்பச் சேர்ந்து இல்ல. வாரத்துல ரெண்டு நாளு எங்கிட்ட. அதுக்கு மேல மாசாமாசம் சம்பளத்துல புடிச்சிர்றான் மாப்ள. நம்ம கையில காட்டுறதே இல்ல. கேக்க ஆளில்ல.”

“கேட்டா என்ன சொல்லுவ?”

“என்ன சொல்ல? எம் புள்ளதான, குடுத்துட்டுப் போறேன்.”

பையன் அழுகையை நிறுத்திவிட்டு என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தான். விரலை விலக்கிவிட்டுச் சொன்னேன்: “கீர்த்தனாவும்தான்.”

சந்தோஷம் போய்விட்டது. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

“பத்மா எழுதினாளா?”

“எழுதிச்சு. ரெண்டு நோட்டீஸ் திரும்பிருச்சு.”

“அவ அண்ணனுங்க ரெண்டு பேரு இருக்காங்க செல்வம். கடை வச்சிருக்காங்க. புள்ள ஒண்ணும் பட்டினி கெடக்கல.”

“மாமன் சோறு போட்டா அப்பன் விட்டுப்போகுமா? அதக் கோர்ட்டுல வந்து சொல்லு. வசதி இல்லைன்னாலும் சொல்லு. சொல்றதுக்குத்தான நோட்டீஸு.”

“நீ வக்கீலுக்குப் படிச்சிட்டியா?”

“ஜெராக்ஸ்ல படிச்சேன்.”

சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. குரலைத் தணித்துக்கொண்டான். “மாப்ள, எங்கம்மா கையில சாப்பிட்டவன் நீ. என்னயப் பார்த்ததா எழுதாத. நானே ஒருநாள் சரி பண்ணிருவேன்.”

“எந்த நாளு?”

கார் சாவியை வெளியே எடுத்து, மறுபடி பைக்குள் போட்டான்.

“உங்கம்மா கையில சாப்பிட்டதுனாலதான் ஒளிச்சு எழுத மாட்டேன். எழுதப்போறேன்னு ஒன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு எழுதுறேன்.”

“எழுது. அந்தப் பேருல ஆளு இல்லன்னுதான் மறுபடியும் திரும்பி வரும்.”

“பேரா? இப்பத்தான நர்ஸம்மா ஊரு கேட்கக் கூப்பிட்டாங்க.”

அவன் முகம் விடுதி மெஸ்ஸில் சுண்டியதைப் போலச் சுண்டியது. பையனைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தான். பாதி தூரம் போய்த் திரும்பி, “வாரேன்” என்றான். போகிறவன் போறேன் என்று சொல்லக்கூடாது என்று அவன் அம்மா சொல்வார். அது மட்டும் அவனுக்கு மறக்கவில்லை.

5

திங்கட்கிழமை மாலை, மதுரையில் காலை பத்து மணி இருக்கும்போது, போன் கார்டைச் சுரண்டி எண்களை அழுத்தினேன். பத்மா ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்க்கிறாள். போனை எடுத்ததும் அவள் குரலுக்கு முன்னால் கண்டக்டரின் குரல் வந்தது: “தேனி தேனி தேனி…”

“அண்ணே, ஒரு நிமிசம். கல்யாணப் பத்திரிகை ஒண்ணு பிரிண்டர்ல சிக்கிக்கிருச்சு.” எதையோ இழுக்கும் சத்தம். “சொல்லுங்கண்ணே.”

பார்த்ததைச் சொன்னேன். ஆளைப் பார்த்தேன், நல்லா இருக்கிறான், அதே கிட்டங்கிதான், விலாசம் சரி, பெயர்தான் தப்பு. பையனைப் பற்றியும் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று மூன்று விதமாக எழுதி வைத்திருந்தேன். எதுவும் உதவவில்லை. சும்மா சொல்லிவிட்டேன்.

பிரிண்டரை அவள் நிறுத்தும் சத்தம் கேட்டது.

“பையனுக்கு எத்தன வயசுண்ணே?”

“ரெண்டு இருக்கும்.”

“அவனுக்கு ஒழுங்காக் குடுக்கிறாரா?”

“குடுக்கிறான். சம்பளத்துல பிடிச்சிர்றாங்க.”

“அப்ப வசதி இருக்குன்னு ஆச்சு” என்றாள். வக்கீல் பக்கங்களை அவளும் படித்திருக்கிறாள். பிறகு, “என்ன பேருண்ணே வச்சிருக்காரு?”

“கொண்டா. டாம் கொண்டா.”

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதலில் தெரியவில்லை. சிரித்தாள். “அய்யோ அண்ணே! தினம் பத்துப் பத்திரிகை அடிக்கிறேன். ஒவ்வொண்ணுலயும் வீட்டுப் பேர என் கையால அடிக்கிறேன். எங்க பத்திரிகைலயே அது மொத வரில இருக்கு. பாஸ்போர்ட்டுல என்ன பேருன்னு வக்கீல் சார் தலைதலையா அடிச்சுக்கிட்டாரு. அந்த ஆளு பாஸ்போர்ட்ட எங்க கண்ணுல காட்டுனாரு? எனக்கு இது தோணலையே! வீட்டுப் பேர யாருண்ணே ஆபீஸ்ல போயிச் சொல்லுவா?”

“எனக்கும் தோணலம்மா. காதால கேட்ட பெறகுதான்.”

“பத்திரிகை பீரோல இருக்கு. ரெண்டும் ஒரே ஆளுதான்னு காட்ட அது போதும்பாரு.” குரல் மாறியது. “கீர்த்தி இங்கதான் இருக்கா. இன்னிக்கு ஸ்கூல் லீவு. பேசுறீங்களா? மாமா கிட்டப் பேசுடி.”

ஒரு சின்னக் குரல், கறாராக: “மாமா, அப்பா பேர மாத்திட்டாரா?”

“மாத்தலடா. வீட்டுப் பேரச் சேர்த்திருக்காரு.”

“துளசிராம் இருக்கா, எடுத்துட்டாரா?”

“இருக்கு.”

“அப்ப எனக்கு டி. கீர்த்தனாதான?”

“ஆமா. அதேதான்.”

“சரி. எல்லா நோட்டுக்கும் அட்டை போட்டு லேபிள் ஒட்டிட்டேன். மறுபடி எழுதச் சொன்னாப் பெரிய வேலை.” போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

என் அப்பா எனக்குப் பின்னால் முழுப் பெயராக நிற்கிறார். கீர்த்தனாவின் அப்பா அவளுக்கு முன்னால் ஓர் எழுத்தாக நிற்கிறான், புள்ளி வைத்து. அந்த எழுத்தை அவள் ஒவ்வொரு நோட்டிலும் சலிக்காமல் எழுதிவருகிறாள். போனை வைத்த பிறகு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். தமிழரசி, “உட்காருங்க, தலை சுத்துது எனக்கு” என்றாள்.

6

திருத்திய மனுவைப் பத்மாவே தன் கடையில் அடித்தாள். நகலை மின்னஞ்சலில் அனுப்பினாள். எதிர்மனுதாரர்: ‘எஸ். துளசிராம் என்கிற துளசிராம் கொண்டா என்கிற டாம் கொண்டா, த/பெ கொண்டா சுந்தரம்.’

‘என்கிற’ என்பது கோர்ட்டுத் தமிழில் ஒரு நல்ல சொல். திருடனுக்கும் போடுவார்கள், பட்டா மாறுதலுக்கும் போடுவார்கள். ஒரு மனிதன் எத்தனை பெயருக்குள் போய் நின்றாலும் இந்தச் சொல் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போகும். அந்த வரியைப் படித்தபோது எனக்கு ஓர் அசட்டு எண்ணமும் வந்தது. செல்வராஜ் என்கிற சோலைமலை என்கிற சாலி என்று என்னையும் ஒருநாள் யாராவது தேட வேண்டியிருந்தால், முதலில் எந்தப் பெயரில் தேடுவார்கள்?

நோட்டீஸ் அக்டோபரில் மதுரையிலிருந்து கிளம்பியது. அதற்குப் பிறகு கிட்டங்கியைத் தாண்டும்போதெல்லாம் என் கால் தானாக வேகத்தைக் குறைத்தது. ஒரு தடவை பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டினான். உள்ளே போய்க் கேட்கலாம். ஆனால் என்ன சொல்லிக் கேட்பது? துளசிராமுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். எண்ணைத் தொலைபேசிப் புத்தகத்தில் ‘கே’ வரிசையில் எடுத்தேன். அது இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது. மணி அடித்தது, எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தான். பின்னணியில் அந்தப் பையன் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். “துளசி” என்றேன். வைத்துவிட்டான்.

நவம்பர் கடைசியில் பத்மாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒப்புகை அட்டை திரும்பியிருக்கிறது. அட்டை மட்டும்தான், உறை இல்லை. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து என்ற இடத்தில் மை இருக்கிறது. அவர் கைக்குச் சேர்ந்ததாகவே கோர்ட்டில் எடுத்துக்கொண்டார்கள். ஜனவரிக்கு வாய்தா. அன்றைக்கு அவன் வரலாம், அல்லது வக்கீல் வைக்கலாம், இரண்டும் இல்லையென்றால் அவன் இல்லாமலே உத்தரவாகலாம் என்று வக்கீல் சொல்கிறார். உத்தரவானாலும் கடல் கடந்து அதை எப்படி வசூலிப்பது என்பது அடுத்த மலை. “ஏறிக்கலாம்ணே” என்று எழுதியிருந்தாள். “இப்ப அவருக்கு ஒரு பேராவது இருக்கு.”

அட்டையை ஸ்கேன் செய்து இணைத்திருந்தாள். கையெழுத்து என்பது ஓர் ஆங்கில ‘கே’. அதன் கால் நீண்டு, சுழித்து, அட்டையின் விளிம்பு வரை போகிறது. அது அவனுடையதா என்று கேட்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த கையெழுத்து எஸ்ஸில் தொடங்கும். 91இல் கல்லூரி முடிந்தபோது எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிய சிறு புத்தகம் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். ‘மறக்காதே மாப்ள’ என்று எழுதி, அவனும் எஸ். துளசிராம் என்றுதான் போட்டிருக்கிறான். ஒப்பிட ஒரு ‘கே’ இல்லை. கிட்டங்கி வரவேற்பில் இருக்கும் பெண்ணும் தபால்களை வாங்கிக் கையெழுத்துப் போடலாம். அவள் பெயரும் எனக்குத் தெரியாது.

திரையை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது யாழினி என் கைக்குக் கீழே தலையை நுழைத்தாள்.

“ஜீவனாம்சம் வந்துட்டாரா?”

“கையெழுத்துப் போட்டிருக்காரும்மா.”

“எங்க?”

காட்டினேன். நீளமான காலை விரலால் தொட்டுப் பார்த்தாள். “ஓடுற மாதிரி இருக்கு” என்றாள். “வர்றாரா, போறாரா?”

இதை எழுதும் இன்று 2003 டிசம்பர் 14, ஞாயிறு. நோட்டீஸ் அந்தக் கட்டடத்துக்குள் போயிருக்கிறது, திரும்பி வரவில்லை. அந்தக் கையெழுத்து துளசிராம் என்கிற கொண்டாவுடையதுதானா என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.